15 எச்பி என்ஜினுக்கு எந்தக் காத்தாடி? கடையில் கிடைக்கும் வகைகள் பற்றி ஒரு மதிப்பீடு

படகின் பின்பலகையில் மாட்டும் புது அவுட்போர்டு என்ஜினோடு ஒரு காத்தாடி, அதாவது தண்ணீரில் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லர், மாட்டியே வரும். உடைந்தால் அதில் பொறித்த அதே அளவு எண்ணைச் சொல்லி இன்னொன்று வாங்கி மாட்டுவார்கள். அந்த எண் எந்தப் படகை மனத்தில் வைத்துப் போட்டது என்ற கேள்வி கடையிலும் எழுவதில்லை, கரையிலும் எழுவதில்லை. இரண்டு மூன்று பேர் ஏறி, தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடுகிற இலேசான படகுக்கு அது சரியான நடுத்தர எண். வலை, ஐஸ் பெட்டி, நான்கு ஆள், எரிபொருள் கேன், திரும்பும்போது மீன் என்று சுமக்கிற 28 அடி ஃபைபர் படகுக்கு அது லோடு லாரியை டாப் கியரில் மேடேற்றுவது போல.

இங்கே பார்ப்பது பெரும்பாலும் 9.9, 15 எச்பி (குதிரைத்திறன்) என்ஜின்களுக்கான காத்தாடிகள். 25, 40 எச்பி என்ஜின்களுக்கும் கணக்கு இதேதான், அளவு மட்டும் மாறும். என்ஜின் கம்பெனியின் அசல், வேறு கம்பெனி செய்யும் அலுமினியம், ஸ்டெயின்லெஸ், பிளாஸ்டிக் கலவை என்று நான்கு வகை. பெயர் இல்லாத நகல்களையும் சேர்த்தால் ஐந்து. எது நல்லது என்பதற்கு முன்னால் எந்த எண் வேண்டும் என்று தெரிய வேண்டும். தவறான எண்ணில் விலையுயர்ந்த ஸ்டெயின்லெஸ் வாங்குவதைவிட, சரியான எண்ணில் சாதாரண அலுமினியம் எவ்வளவோ மேல்.

எண்ணைப் படிப்பது

காத்தாடியின் நடுவில் உள்ள குடத்திலோ பிளேடிலோ பொறித்திருக்கும் எழுத்தைத் துடைத்துப் பாருங்கள். யமஹா 15 எச்பியில் பெரும்பாலும் 9 1/4 × 9 3/4 – ஜே1 என்று இருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச். வழுக்கலே இல்லாமல் மரத்தில் இறங்கும் திருகாணி போல ஓடினால், காத்தாடி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதுதான் பிட்ச். கடைசியில் உள்ள எழுத்து எந்த கியர் பெட்டிக்கு உரியது என்பதைச் சொல்கிறது. யமஹாவில் 9.9, 15 எச்பிக்கு ஜே, 25, 30க்குப் பெரும்பாலும் எஃப், 40 முதல் 60 வரை ஜி.

கடையில் நடக்கும் முதல் தவறு இந்த எழுத்தில்தான். "யமஹா, பத்து அங்குலம்" என்று மட்டும் சொன்னால் எஃப் வகையும் கைக்கு வரலாம். தண்டுக் குழியின் பற்களை, அதாவது ஸ்பிளைனை எண்ணிப் பாருங்கள்: ஜே வகையில் 8, எஃப் வகையில் 10, ஜி வகையில் 13. பல் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் போதாது. வேறு கம்பெனி என்ஜினில் அதே எண்ணிக்கை இருந்தும் உள்ளே தாங்கும் வாஷரின் சாய்வு மாறியிருக்கலாம். பழைய காத்தாடியையும் முன்பக்க வாஷரையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. பார்சுன், ஹைடியா போன்ற சீன என்ஜின்களில் பல மாடல்கள் யமஹா வடிவத்தைப் பின்பற்றியவை. அதே காத்தாடி பொருந்தும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜி வகையின் அளவுகளை வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் புரியும்: 11 1/8 × 13, 11 3/8 × 12, 11 5/8 × 11, 12 1/4 × 9. பிட்ச் குறையக் குறைய விட்டம் கூடுகிறது. என்ஜின் மீது விழும் சுமையைச் சமமாக வைத்துக்கொண்டே, வேகத்துக்குப் பதில் தள்ளும் பலத்தைக் கொடுக்கும் ஏற்பாடு இது. சுமைப் படகுக்காரர் பார்க்க வேண்டியது இந்த வரிசையின் கடைசிப் பக்கம். கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் நடுவில் உள்ளதை.

ஆர்பிஎம் சொல்வதைக் கேளுங்கள்

காத்தாடி சரியா தவறா என்பதற்கு ஒரே சாட்சி, வழக்கமான சுமையில், முழு திராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, என்ஜின் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எடுக்கிறது என்பது. என்ஜின் கையேட்டில் முழு திராட்டிலுக்கு ஒரு எல்லை போட்டிருக்கும். 4500–5500 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமையோடு 5000 முதல் 5300 வரை போனால் காத்தாடி பொருத்தம். 4500ஐத் தொடவே முடியவில்லை என்றால் பிட்ச் அதிகம். வெறும் படகில் 5500ஐத் தாண்டினால் பிட்ச் குறைவு.

இரண்டும் என்ஜினைக் கொல்லும், ஆனால் வேறு வேறு வழியில். பிட்ச் அதிகமானால் திராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், என்ஜின் மூச்சு முட்டும். சிலிண்டரில் வெப்பம் ஏறும், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டல் வரும், கார்பன் படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பிஸ்டன் உரசும். மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் மண்ணெண்ணெய் தட்டலைத் தாங்கும் சக்தி பெட்ரோலைவிடக் குறைந்தது. பிட்ச் குறைவானால் சுற்று எல்லை தாண்டும், கனெக்டிங் ராடின் பேரிங்குகள் முதலில் போகும். "என் என்ஜின் சத்தமே போடாமல் அடக்கமாக ஓடுகிறது" என்று பெருமைப்படுபவரின் என்ஜின்தான் பல நேரம் மூச்சு முட்டிக் கிடக்கிறது.

கைப்பிடியால் திருப்பும் சின்ன என்ஜின்களில் ஆர்பிஎம் மீட்டர் இருக்காது. ஸ்பார்க் பிளக் வயரில் கம்பியைச் சுற்றிவிட்டால் போதும் என்கிற சின்ன டிஜிட்டல் மீட்டர்கள் கிடைக்கின்றன. காத்தாடியைவிட மலிவு, காத்தாடிக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அதுதான். அதில் ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்று அமைக்க வேண்டும். சில என்ஜின்களில் ஒரே காயில் இரண்டு பிளக்குக்கும் சேர்த்துப் பொறி கொடுக்கும், அப்போது மீட்டர் இருமடங்கு காட்டும். சும்மா ஓடும் வேகம் கையேட்டில் உள்ளதைப் போல இரண்டு மடங்காகத் தெரிந்தால் அமைப்பை மாற்றுங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு முன் படகின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கொட்டலசும் பாசியும் ஒட்டிய படகில் எந்தக் காத்தாடியும் தோற்கும். தேய்ந்த காத்தாடியில் சோதனை செய்யாதீர்கள். மணலில் கரையேற்றி இறக்கும் படகுகளில் பிளேடு நுனி வட்டமாகத் தேய்ந்து விட்டமே குறைந்திருக்கும். அது கூடுதலாகச் சுற்றும், 9 3/4 பிட்ச் சரிதான் என்று பொய் சாட்சி சொல்லும். அதே எண்ணில் புதிது மாட்டியதும் என்ஜின் இழுக்கவில்லை என்று குறை வரும். காத்தாடி மீது தவறில்லை, பழைய அளவுதான் தவறு.

வழக்கமான ஆள், வலை, ஐஸ், நிறைந்த எரிபொருளோடு கிளம்புங்கள். அலை குறைந்த காலை நேரம் நல்லது. முழு திராட்டிலில் ஒரு நிமிடம் ஓட்டி, ஆர்பிஎம்மையும் கைபேசி ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் குறியுங்கள். அப்படியே திரும்பி எதிர்த் திசையில் இன்னொரு முறை. நீரோட்டம் ஒரு பக்கம் கூட்டும், மறுபக்கம் குறைக்கும், இரண்டின் சராசரிதான் உண்மை. மீன் கனத்தோடு திரும்பும் நாளில் ஒரு முறை, வெறும் படகில் ஒரு முறை என்று மீண்டும் பாருங்கள்.

பிட்ச்சில் ஒரு அங்குலம் மாறினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும் என்பது கைக்கணக்கு. 4700 எடுக்கும் என்ஜினில் 9 3/4ஐக் கழற்றி 8 மாட்டினால் 5000 பக்கம் வரும். ஆனால் 4000தான் எடுக்கிறது என்றால் காத்தாடி மாற்றி மட்டும் 5000ஐத் தொட முடியாது. அங்கே சிக்கல் வேறு: கம்ப்ரஷன் குறைவு, கார்புரேட்டர் அடைப்பு, திராட்டில் கேபிள் முழுதாகத் திறக்காதது, இரண்டு பிளக்கில் ஒன்று எரியாதது, படகின் இரட்டை அடிக்குள் தண்ணீர் புகுந்து கனத்துப்போனது. இவற்றைப் பார்க்காமல் காத்தாடிக்குக் காசு கொடுப்பது வீண்.

வழுக்கல் கணக்கு

வேகத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்து இன்னொரு கணக்குப் போடலாம். என்ஜின் ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 60ஆல் பெருக்கி, 72,913ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாத வேகம் நாட் கணக்கில் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) கிடைக்கும். ஒரு கடல் மைலில் 72,913 அங்குலம் இருப்பதால் இந்த எண். யமஹா 15 எச்பியின் கியர் விகிதம் 2.08, அதாவது காத்தாடி ஒரு சுற்று சுற்ற என்ஜின் 2.08 சுற்று சுற்றும். 5000 ஆர்பிஎம், 9 3/4 பிட்ச் போட்டால் 19.3 நாட். படகு உண்மையில் 15 நாட் போனால் வழுக்கல் 22 சதவீதம். எழும்பி ஓடும் இலேசான படகுக்கு இது இயல்பு.

இப்போது அதே கணக்கைக் கனமான ஃபைபர் படகுக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் அமர்ந்தே போகும் படகின் வேகத்துக்கு நீளமே வேலி: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கிடைக்கும். 25 அடிக்கு 6.7. அதற்கு மேல் ஒரு நாட் கூட்டவே எக்கச்சக்கமான பலம் வேண்டும். அப்படிப்பட்ட 7 நாட் படகில் 19 நாட் காத்தாடி மாட்டியிருக்கிறோம். பிளேடு தண்ணீரைத் தள்ளுவதைவிட அறைவதுதான் அதிகம், எரிபொருளில் பெரும் பங்கு நுரையாகப் போகிறது. 8 பிட்ச்சில் கணக்கு 15.8 நாட். அதுவும் அதிகம்தான், ஆனால் இந்த கியர் பெட்டியில் பரவலாகக் கிடைப்பவற்றில் படகுக்கு நெருக்கமானது அதுவே.

இந்த இடத்தில்தான் ஹை த்ரஸ்ட் (தள்ளும் பலம் கூடிய) என்ஜின் எதற்கு என்று புரிகிறது. யமஹாவின் டி9.9 மாடலில் கியர் விகிதம் 2.92. தண்டு மெதுவாகச் சுற்றும், அதனால் பெரிய விட்டமுள்ள காத்தாடியைத் தாங்கும். கனமான படகைத் தள்ள அது பிறந்தே வந்தது. புது என்ஜினே வாங்கப்போகிறவர்கள் குதிரைத்திறனைக் கேட்பதோடு கியர் விகிதத்தையும் கேட்டால், பிறகு காத்தாடியோடு போராட வேண்டியதில்லை.

அசல் அலுமினியம்

என்ஜின் கம்பெனியின் அசல் காத்தாடியில் குறை சொல்ல இடம் குறைவு. மூன்று பிளேடும் ஒரே மாதிரி இருக்கும், குடத்துக்குள் அழுத்தி ஏற்றிய ரப்பர் புஷ் நன்றாகப் பிடித்திருக்கும், பெயிண்ட் உப்பைத் தாங்கும். குறை விலையும் கையிருப்பும்தான். பட்டியலில் எட்டுப் பத்து அளவு இருந்தாலும் ஊர்க் கடையில் பெரும்பாலும் என்ஜினோடு வந்த ஒரே அளவுதான் தொங்கும். 8 பிட்ச் வேண்டும் என்றால் உதிரிபாக எண்ணைச் சொல்லி வரவழைக்க வேண்டும். காத்திருந்து வாங்கினால் தகும். "இருப்பதை மாட்டிக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இல்லை" என்று சொல்லும் கடையில் அன்றைக்கு வேறு சாமான் வாங்கிக்கொண்டு வரலாம்.

வேறு கம்பெனி அலுமினியம்

தைவானின் சோலாஸ் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். அமிட்டா 3 என்பது மூன்று பிளேடு, அமிட்டா 4 நான்கு பிளேடு. அளவுகள் நிறைய, எல்லாப் பெரிய என்ஜின் கம்பெனிக்கும் பொருந்தும் வரிசைகள் உண்டு. வேலைப் படகுக்கு நமது முதல் பரிந்துரை இந்த வகைதான்: தேவையான பிட்ச் கிடைக்கும், அடிபட்டால் மனம் கனக்காது.

நான்கு பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரைப் பிடிக்கும் பரப்பு கூடுவதால் வழுக்கல் குறையும், அலையில் படகு தூக்கிப் போடும்போதும் பிடி விடாது, அதிர்வு குறையும், மெதுவான வேகத்தில் வலை இழுக்கும்போது கட்டுப்பாடு நன்றாக இருக்கும். உச்ச வேகம் சற்றுக் குறையும். மூன்று பிளேடிலிருந்து மாறுபவர்கள் விட்டம் ஏறக்குறைய அதே இருந்தால் பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்பிஎம் விழும். 40 எச்பி படகுகளில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். 15 எச்பியில் தெரிவு குறைவு, விலைக்கு ஏற்ற லாபம் வருமா என்பது சந்தேகம்தான்.

ஸ்டெயின்லெஸ்

பளபளப்பில் மயங்காதவர் இல்லை. பிளேடை மெல்லியதாகச் செய்யலாம், சுமையில் வளையாது, மணல் தேய்ப்பைத் தாங்கும். வேகப் படகில் இந்த மூன்றும் உண்மையான லாபம். 15 எச்பி வேலைப் படகில் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. விலை அலுமினியத்தைப் போலப் பல மடங்கு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. மன்னார் வளைகுடாவில் பார் மீதும், பாக் நீரிணையின் ஆழமில்லாத இடங்களில் கல் மீதும் இடித்தால், அலுமினியம் வளைந்தோ உடைந்தோ அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் வளையாது, அடி தண்டுக்கும் கியருக்கும் போகும். ரப்பர் புஷ் ஒரு பங்கைத் தாங்கும், முழுதையும் தாங்காது. காத்தாடியின் காசில் மிச்சம் பிடித்து கியர் பெட்டிக்குக் கொடுப்பதில் என்ன லாபம்?

இன்னொன்று மின்னரிப்பு. ஸ்டெயின்லெஸ் காத்தாடியும் அலுமினிய கியர் பெட்டியும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் கியர் பெட்டிக்குப் பதிலாகக் கரையட்டும் என்று வைக்கும் தியாக உலோகம், அதாவது ஜிங்க் கட்டி, வேகமாகக் கரையும். பாதி கரைந்ததுமே மாற்ற வேண்டும், அதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஜிங்க்கைக் கவனிக்க நேரமில்லாதவருக்கு ஸ்டெயின்லெஸ் பொருந்தாது.

பிளாஸ்டிக் கலவை

நார் கலந்த பிளாஸ்டிக்கில் பிளேடுகளைத் தனித்தனியாக மாற்றக்கூடிய பிரானா, பிட்ச்சையே திருப்பி அமைக்கக்கூடிய ஸ்வீடனின் புரோபல்ஸ் போன்றவை இந்த இனம். துருவோ அரிப்போ கிடையாது, எடை குறைவு. இடித்தால் பிளேடு முறியும், கியர் பிழைக்கும். ஒரு பிளேடை மட்டும் மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். குறை, முழுச் சுமையில் பிளேடு வளைந்துகொடுப்பது. நாள் முழுக்க இழுக்கும் படகுக்கு முதன்மைக் காத்தாடியாகப் போடுவதைவிட, படகில் எப்போதும் கிடக்கும் மாற்றுக் காத்தாடியாக வைப்பது சரி. பிட்ச் மாற்றக்கூடிய வகைக்கு ஒரு தனி உபயோகம் உண்டு: எந்த பிட்ச் பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் சோதனைக் கருவி அது. நான்கைந்து படகு வைத்திருப்பவர்களும் சங்கங்களும் ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

பெயரில்லாத நகல்

அசல் போலவே பெயிண்ட், அசல் போலவே ஸ்டிக்கர், பாதி விலை. கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். குடத்தைச் சுற்றியுள்ள வார்ப்பில் ஊசித் துளைகள் தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கும். ஸ்பிளைன் பற்களில் விரலை விட்டால் பிசிறு உறுத்தக் கூடாது. குழிக்குப் பொருந்தும் நேரான கம்பியில் செருகித் தட்டையான இடத்தில் சுழற்றி, ஒரு குச்சியை ஒரு பிளேடு நுனியருகே அசையாமல் பிடியுங்கள். மூன்று பிளேடும் அதே இடைவெளியில் கடக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணில் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். சமநிலை இல்லாத காத்தாடி அதிர்ந்து அதிர்ந்து தண்டின் ஆயில் சீலைத் தின்றுவிடும்.

நகல்களில் அதிகம் ஏமாற்றுவது ரப்பர் புஷ். வாங்கிய அன்றே பின்பக்கத்தில் உள் குழாய், ரப்பர், வெளிக் குடம் மூன்றையும் கடந்து பெயிண்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். திராட்டில் கொடுக்கும்போது என்ஜின் அலறி, படகு முன்னேறவில்லை என்றால் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் வழுக்கிவிட்டது. திராட்டிலைக் குறைத்து மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம். கோடு நேராக இருந்தால் குற்றவாளி காற்று.

காற்றா, வெற்றிடமா

என்ஜின் திடீரென்று அலறுவதை எல்லாம் கேவிட்டேஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் படகுகளில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. நீர்ப்பரப்பிலிருந்து காற்று இறங்கி பிளேடைச் சூழ்ந்துகொள்வதுதான். திரும்பும்போதும் அலை முகட்டிலும் மட்டும் அலறினால் நிச்சயம் காற்று. காரணம் என்ஜின் உயரம். காத்தாடிக்கு மேல் இருக்கும் தட்டு, படகின் அடிக்கோட்டிலிருந்து சுமார் ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும். 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குல ஷாஃப்ட் மாட்டினால் எந்தக் காத்தாடியும் நிற்காது. பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடிவரை அளந்து பாருங்கள். பழுதுபார்த்துப் பலகை ஏற்றிய படகுகளில் இந்த அளவு கூடியிருக்கும்.

கேவிட்டேஷன் என்பது பிளேடின் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகி, அந்தக் குமிழி உடைந்து உலோகத்தைக் கொத்துவது. அடையாளம், பெயிண்ட் போய் அம்மைத் தழும்பு போலக் குழிகள். முன்விளிம்பில் நெளிவோ சொட்டையோ இருந்தால் அதற்குப் பின்னால்தான் தழும்பு வரும். சொட்டையை அரத்தால் தேய்த்துச் சீராக்கினாலே பாதி நிற்கும். மூன்று பிளேடிலும் ஒரே அளவு தேய்க்க வேண்டும்.

லேத்தில் கொடுத்து நுனியை வெட்டி விட்டத்தைக் குறைப்பது ஒரு பழக்கம். ஆர்பிஎம் ஏறும் என்பது உண்மை. ஆனால் தள்ளும் பரப்பையே வெட்டி எறிந்துவிட்டோம், சமநிலையும் போய்விட்டது. கனமான படகுக்கு வேண்டியது பெரிய விட்டமும் சின்ன பிட்ச்சும். வெட்டினால் கிடைப்பது நேர் எதிர். பிளேடு அடியில் வெடித்ததை வெல்டிங் செய்து போடுவதும் அப்படித்தான். வெல்டிங் சூட்டில் அலுமினியம் இளகிப்போகும், கரையிலிருந்து பத்து கடல் மைலில் மறுபடி வெடிக்கும்.

மாட்டும்போது

என்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை எடுத்துவிட்டு, பிளக் தொப்பிகளைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஸ்பிளிட் பின்னை நேராக்கி உருவி, பிளேடுக்கும் மேல் தட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து நட்டைக் கழற்றுங்கள். காத்தாடி வரவில்லை என்றால் குடத்தின் பின்னால் மரக்கட்டை வைத்துத் தட்டலாம், பிளேடில் சுத்தியல் படக் கூடாது. முன்பக்க வாஷர் பல நேரம் பழைய காத்தாடியோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும். அது இல்லாமல் மாட்டினால் குடம் கியர் பெட்டியில் உரசி, அலுமினியத்தை அரைத்துவிடும். விலை மலிந்த அந்த வாஷர் இல்லாமல் போனதால் கெட்ட கியர் பெட்டிகள் உண்டு.

இந்த நேரத்தில்தான் தண்டைச் சுற்றித் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு சீலுக்குள் புகுந்து அறுத்துவிடும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. காத்தாடியை நிறுத்திவிட்டு முதலில் சீல் மாற்றுங்கள். ஆயில் வெளுக்காமல் இருந்தால் தண்டைத் துடைத்து, ஸ்பிளைன் முழுக்கத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் பூசி, வாஷர், காத்தாடி, பின் வாஷர், நட்டு என்ற வரிசையில் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பின் ஓட்டை நேராக வராவிட்டால் கொஞ்சம் கூட இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது, ஸ்டெயின்லெஸில். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு முறை நட்டைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கிரீஸ் பூசாவிட்டால் உப்பு இறுகி, கழற்ற வேண்டிய நாளில் கழறாது.

பாக் விரிகுடாவின் வடபகுதியில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 2022இல் கடல்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடற்புல் பரப்பில் முழு வேகத்தில் போவது கடல்பசுவுக்கும் ஆமைக்கும் கெடுதி. காத்தாடிக்கும் அது நல்லதல்ல: புல் சுற்றினால் நீர் எடுக்கும் துளை அடைபட்டு என்ஜின் சூடேறும். என்ஜினைச் சற்றுச் சாய்த்து ஏற்றி, மெதுவாகக் கடப்பதே வழி.

இறுதியில் எங்கள் தேர்வு: கனமான 9.9, 15 எச்பி ஃபைபர் படகுக்கு 9 1/4 × 8, மூன்று பிளேடு அலுமினியம், அசலோ நல்ல மாற்றுக் கம்பெனியோ. இலேசான படகுக்கு என்ஜினோடு வந்த 9 3/4 போதும். 40 எச்பியில் சுமைக்கு 11 5/8 × 11, மீட்டர் இன்னும் கீழே காட்டினால் 12 1/4 × 9. பழைய காத்தாடியைத் தூக்கி எறியாதீர்கள். நட்டுக்குச் சரியான ஸ்பேனர், மரக்கட்டை, இரண்டு ஸ்பிளிட் பின், ஒரு முன் வாஷர் சேர்த்து ஒரு பையில் கட்டிப் படகிலேயே போட்டு வையுங்கள். அந்தப் பைக்குள் இருக்கும் காத்தாடியையும் ஒரு நாள் கரையருகே மாட்டி ஓட்டிப் பாருங்கள். நடுக்கடலில்தான் அது பொருந்தவில்லை என்று தெரியக் கூடாது.